கடவுள் பெயரில் ஒரு வாக்கெடுப்பு



நாட்டின் பொதுவாழ்வில் இறைநம்பிக்கைக்கு என்ன இடம் என்ற கேள்வியை நம் முன்னோர் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். அந்த நாள் 1949 அக்டோபர் 17.

அரசியல் நிர்ணய சபை அரசமைப்பின் மற்றப் பிரிவுகளை முடித்துவிட்டுக் கடைசியாக முகப்புரைக்கு வந்திருந்தது. தலைமை ராஜேந்திர பிரசாத். ‘கடவுளின் பெயரால்’ என்று முகப்புரை தொடங்கட்டும் என உறுப்பினர் எச்.வி. காமத் திருத்தம் கொடுத்தார். அசாமின் ரோகிணி குமார் சௌத்ரி எழுந்தார். காமாக்யா அம்மன் குடிகொண்ட காமரூபத்துக்காரர். தேவியின் பெயரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். சிக்கல் அங்கேயே வெளிப்பட்டுவிட்டது. எந்தப் பெயரைச் சொன்னாலும் இன்னொரு பெயர் வெளியே நிற்கும்.

திருத்தத்தை எதிர்த்தவர்களில் பக்தர்கள் இருந்தார்கள் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை இறைநம்பிக்கை உள்ளவர். ஆனாலும், நம்புவதும் நம்பாமலிருப்பதும் அவரவர் உரிமை, இத்திருத்தம் நம்பிக்கையைக் கட்டாயமாக்கிவிடும் என்றார். ஹிருதயநாத் குன்ஸ்ருவும் அதே கவலையைச் சொன்னார். கடவுளுக்கு வாக்களிக்கும் தர்மசங்கடத்தில் எங்களை மாட்டிவிடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி காமத்தைக் கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. கைகளை எண்ணினார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. இது கறுப்பு நாள் என்று காமத் மனம் நொந்தார். அந்த வேதனை உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் சபை செய்ததே சரி.

ஏன் சரி என்று புரிய, இதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 1947 ஏப்ரலில், டெல்லி வால்மீகி கோயிலில் காந்தி நடத்திய மாலைப் பிரார்த்தனையைப் பாருங்கள். பிரிவினைக் கலவரத்தின் சூடு எங்கும் பரவியிருந்த நேரம். குர்ஆன் வசனம் தொடங்கியதும் கூட்டத்தில் ஒருவர் மறுத்தார். மறுத்தவரை வெளியேற்றக் கூட்டம் துடித்தது. காந்தி தடுத்தார். குர்ஆனை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஓதவும் இசையவில்லை. அன்றைய பிரார்த்தனையையே நிறுத்தினார். ஒருவரை அடக்கிவிட்டு ஓதும் வழிபாட்டை அவர் வழிபாடாகவே கருதவில்லை. பொது இடத்தில் கைகூப்பும் எவருக்கும் இதைவிடக் கடுமையான ஒழுக்கம் கிடையாது. பெரும்பான்மையாக இருக்கும் நேரத்தில்தான் அதைக் கடைப்பிடிப்பது கடினம்.

அரசமைப்பு இதே பண்பைச் சட்டமாக எழுதிவைத்தது. மூன்றாம் அட்டவணைப்படி, பதவியேற்பவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். 1967இல் அண்ணாவும் அவருடைய அமைச்சர்களும் உளமார என்றே உறுதிமொழி எடுத்தார்கள். கடவுளறிய என்று சொன்ன முதல்வர்களும் இதே தமிழ்நாட்டில் உண்டு. இருதரப்பார் கையெழுத்துக்கும் கோட்டையில் ஒரே மதிப்புதான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. அரசு ஏற்பு பெற்ற பள்ளிகளில் பெற்றோர் இசைவில்லாமல் சிறுவரை வழிபாட்டில் உட்காரவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

சட்டம் இப்படியிருக்க, அரசு விழா மேடைகளில் ஒரு சமயச் சடங்கு மட்டும் தானாக நடந்தேறுவதைப் பார்க்கும்போது, ஓரத்தில் பேசாமல் நிற்பவரைப் பற்றியே எனக்குக் கவலை. அவரும் இந்நாட்டுக் குடிமகன்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்று வேண்டுகிறேன். அக்டோபர் 17 விவாதம் அச்சில் இருக்கிறது. வகுப்பில் ஒரு மாணவருக்குக் காமத்தின் பேச்சையும் இன்னொருவருக்குத் தாணு பிள்ளையின் பேச்சையும் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.