அரை இட்லிக்கு இருபது நிமிடம்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து நாலைந்து பேர் என்னை அடையாளம் தெரியாமல் கடந்து போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. விடுதியில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'அரிசி மூட்டை' என்றால்தான் தெரியும். 2021இல் என் எடை 126 கிலோ. கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல். அந்த ஆண்டு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது 82 கிலோ. "எப்படிடா இளைச்சே?" என்று கேட்கிறீர்கள். இளைத்த கதை சின்னது. அதற்குப் பிறகு சாப்பிடக் கற்றுக்கொண்ட கதைதான் பெரிது. செயலாளர் கேட்டுக்கொண்டபடி அதைச் சொல்கிறேன்.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று பைபாஸ். 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்ற மருத்துவர் தொடங்கி வைத்தது. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். மற்றொன்று எனக்குச் செய்த ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட, வாழைப்பழம் போல ஒரு குழாய்தான் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுக்கிற பகுதியில்தான் உண்டாகிறது. அதனால் ஆரம்பத்தில் பசியே தெரியாது.

வயிறு மாறிவிட்டது. ஆனால் கையும் வாயும் நாற்பது வருஷப் பழக்கத்தை விடுமா? அங்கேதான் தொல்லை. முதலில் தெளிந்த நீர் ஆகாரம், பிறகு மோர், பருப்புத் தண்ணீர், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று படிப்படியாக வரவேண்டும். வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும், ஒரு வாய் வேகமாக உள்ளே போனால் போதும், நெஞ்சுக் குழியில் கல்லை வைத்தது போல அடைக்கும். வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில் ஊறும். வாந்தி வந்தால்தான் நிம்மதி. பக்கத்தில் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

நான் கற்றுக்கொண்ட பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். அரை இட்லிக்கு இருபது நிமிடம். சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து, கூழாகும் வரை மெல்ல வேண்டும். இரண்டு வாய்க்கு நடுவே கையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான். மற்ற நேரமெல்லாம் ஒவ்வொரு மடக்காகக் குடித்து, நாளுக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். சோடா, கலர் வேண்டாம், வயிறு உப்பும்.

மூன்றாவது, வரிசை. முட்டை, மீன், பருப்பு, தயிர் முதலில், சோறு கடைசியில். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும், இல்லாவிட்டால் சதை கரைந்துபோகும். காய்ந்த கோழிக்கறி, மைதா பரோட்டா, குழைந்து கட்டியான சோறு மூன்றும் அடைத்துக்கொள்ளும். குழம்பில் ஊறிய மீன் வழுக்கிக்கொண்டு போகும்.

நான்காவது, நிறுத்தும் இடம். வயிறு நிறைந்தது இப்போது வயிற்றில் தெரியாது. எனக்கு ஒரு சின்ன விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் வடியும். அதுதான் மணி. அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு தனிச் சோதனை. ஜாங்கிரி சாப்பிட்ட அரைமணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். இன்னும் சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

இனி முக்கியமானது. எனக்கு மூன்றாம் மாதம் வாந்தி நிற்கவே இல்லை. தண்ணீர்கூடத் தங்கவில்லை. சொந்தக்காரர்கள், "நல்லாத்தானே இளைக்குது, விடுங்க" என்றார்கள். என் மனைவி விடவில்லை. இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். அதற்கு முன்பே பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். தொடர்ந்து வாந்தி எடுத்தால் பி1 சீக்கிரம் தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும், சில சமயம் அது திரும்பாது. பி1 கொடுக்காமல் குளுகோஸ் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசமாகும். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆன புதிதில் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கடும் வயிற்றுவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தையல் கசிவாக இருக்கலாம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

உடம்புத் தொல்லையைவிடப் பந்தித் தொல்லை பெரிது. நம் ஊரில் சாப்பாடுதான் அன்பு. இலையில் மிச்சம் வைத்தால் சமைத்தவர் மனசு நோகும். என் அம்மாவுக்கு 78 வயது. முதல் தீபாவளிக்கு நான் கால் அதிரசத்தோடு எழுந்ததும் அடுக்களைக்குப் போய்விட்டார். "நான் செஞ்சது பிடிக்கலையா?" என்றார். இன்று ஒரு சின்னக் கிண்ணம் எனக்கென்று தனியாக வைத்திருக்கிறார். அதில் என்ன இருந்தாலும் நான் முடிப்பேன், அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். முன்பு பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்த நான், இப்போது அம்மாவோடு அரைமணி பேசுகிறேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதியிலும் ஓர் 'அரிசி மூட்டை' இருப்பான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பருமன் ஒரு நோய், சோம்பேறித்தனம் அல்ல. இந்த அறுவை சிகிச்சையும் குறுக்குவழி அல்ல. தேவையா இல்லையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, சற்று நேரத்தில் பந்தி போடப் போகிறார்கள். என் இலையில் கொஞ்சமாகத்தான் இருக்கும், கடைசியாகத்தான் எழுந்திருப்பேன். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், அது போதும்.