பெரிய பிள்ளைக்கும் வீடு வேண்டும்

(எழுத்தறிவு மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று நம் வகுப்பில் படித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் வேறு யாருமல்ல, என் சொந்த அக்காதான்.

அக்காவுக்குக் கல்யாணமாகி 14 வருடம். பிள்ளை இல்லை. தத்தெடுக்கலாம் என்று அக்காவும் மாமாவும் முடிவு செய்தார்கள். எல்லோரையும் போல இவர்களும் கைக்குழந்தைதான் கேட்டார்கள். கைக்குழந்தைக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் இல்லங்களில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு வருபவர்கள் குறைவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதைச் சொன்னார்கள். "முதலில் வளர்ப்புப் பெற்றோராக இருந்து பாருங்கள்" என்றார்கள்.

இரண்டு சொற்களைப் பலகையில் எழுதுகிறேன். சேர்ந்து படியுங்கள்.

தத்து. வளர்ப்புப் பராமரிப்பு.

இரண்டும் ஒன்றா? இல்லை. தத்து என்றால் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. சொத்துரிமையும் உண்டு. வளர்ப்புப் பராமரிப்பு என்றால் பிள்ளை உங்கள் வீட்டில் வளரும். ஆனால் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படிதான் வளரும். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பிள்ளைக்குச் சரிப்படவில்லை என்றால் வேறு ஏற்பாடு செய்வார்கள்.

இது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் உள்ளது. இந்தியா முழுவதற்கும் ஒரே சட்டம். 2024இல் மத்திய அரசு விதிமுறையைச் சற்று எளிதாக்கியது. முன்பு 5 வருடம் வளர்த்த பிறகுதான் அதே பிள்ளையைத் தத்துக் கேட்க முடியும். இப்போது 2 வருடம் போதும். 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இப்படி வளர்க்கக் கொடுக்கிறார்கள். தனியாக வாழ்பவர்களும் கேட்கலாம். அவர்களுக்கு வயது 35 முதல் 60க்குள் இருக்க வேண்டும். தனி ஆணுக்குப் பெண் பிள்ளையைத் தர மாட்டார்கள்.

அதிகாரிகள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். வருமானம், உடல்நலம், அக்கம்பக்கம், எல்லாம் விசாரித்தார்கள். பிறகு ஆணை வந்தது. "கையெழுத்துப் போடு, பிள்ளை நம்முடையது ஆகிவிட்டது" என்றார் வீட்டுப் பெரியவர். அக்கா அவசரப்படவில்லை. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "இதில் தத்து என்ற சொல்லே இல்லையே மாமா" என்றார். அன்று என் மனம் நிறைந்தது.

ஒன்பது வயதுப் பெண் பிள்ளை வந்தாள். அவள் பெயரை நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டக் கூடாது என்பது சட்டம். அவள் கொண்டு வந்தது ஒரு பையும் ஒரு பெயரும்தான். பெயரை மாற்றலாம் என்றார் மாமியார். "அது அவள் அம்மா வைத்த பெயராக இருக்கும், அத்தை" என்று அக்கா தடுத்துவிட்டார்.

சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் தலையணைக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. தூக்கிப் பார்த்தால் காய்ந்த இட்லியும் பிஸ்கட்டும். நாளைக்குச் சோறு கிடைக்குமோ என்ற பயம் அவளுக்கு! அக்கா திட்டவில்லை. ஒரு டப்பாவைக் கொடுத்து, "இது உன்னுடையது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். குறைந்தால் நான் நிரப்புகிறேன்" என்றார். நாலைந்து மாதத்தில் ஒளித்து வைப்பது நின்றது.

அக்காவை அவள் 'அத்தை' என்றுதான் கூப்பிடுகிறாள். "எனக்கு அம்மா இருந்தாங்க" என்று ஒரு முறை சொன்னாளாம். அக்கா அன்றிரவு அழுதார். மறுநாள், "அத்தை என்றே கூப்பிடு, கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் ஆறு மாதத்தில் தத்துக் கேட்டு மனு கொடுப்பார்கள். சட்டப்படி அவளைத் தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று குழு சொல்ல வேண்டும். முன்பு நீதிமன்றம் தத்து ஆணை கொடுத்தது. 2022 முதல் மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். அதற்கு முன்னால் பிள்ளையிடமும் சம்மதம் கேட்பார்கள். ஐந்து வயது ஆன பிள்ளையின் சம்மதம் இல்லாமல் தத்து கிடையாது.

அவள் என்ன சொல்வாள்? எங்களுக்குத் தெரியாது. "வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வாய் அக்கா?" என்று கேட்டேன். "அவளுக்கு இன்னும் காலம் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். டப்பா காலியானால் நிரப்பத்தானே வேண்டும்?" என்றார்.

நண்பர்களே, பெரிய பிள்ளை ஒட்டாது என்று ஊரில் சொல்கிறார்கள். ஒட்டுவதற்கு நாள் ஆகும். அந்த நாளைக் கொடுக்கத்தான் வளர்ப்புப் பராமரிப்பு. பிள்ளை வேண்டும் என்று தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். அது குற்றம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். ஆதரவின்றி ஒரு பிள்ளையைப் பார்த்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை.

பலகையைப் பாருங்கள்: 1098.

எல்லோரும் நோட்டில் எழுதுங்கள்.