சிறுதேரும் மலைப்பாதையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் ஒரு சிறுதேர் வருகிறது. தச்சன் செய்து கொடுத்த அத்தேரில் சிறுவர் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் கையால் இழுத்துச் செல்வதிலேயே அவர்கள் இன்புறுகின்றனர். தலைவனோடு கூடிவாழும் இன்பம் கிட்டாவிடினும் அவனது நட்பே போதும் என்னும் கருத்தை அச்சிறு வண்டியின்மேல் ஏற்றிக் காட்டுகிறார் தும்பிசேர்கீரனார். பட்டினப்பாலையிலும் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று உருண்டோடுகிறது. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பருவங்களின் நிறைவாக அமைவது சிறுதேர்ப் பருவமே. பெரியதொன்றைச் சிறியதாகச் செய்து பார்க்கும் ஆசை தமிழுக்குப் புதிதன்று.

இந்நாளின் சிறுதேர் அட்டைப்பெட்டியில் வருகிறது. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட உறுப்புகள் ஒரு சட்டத்தோடு ஒட்டியபடி இருக்கும். அவற்றை நறுக்கி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் அசல் காரின் 24இல் ஒரு பங்கோ, 32இல் ஒரு பங்கோ ஆன உருவம் கிடைக்கும். இக்கலையில் ஈடுபட்டோர் பெரிதும் விரும்புவன கூரையற்ற பழைய இருக்கை வண்டிகள். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் உருவான எம்.ஜி. டி.சி. அவற்றுள் ஒன்று. பெட்டியில் உள்ள வழிகாட்டித் தாளின்படியே கட்டி முடிப்பவர் பலர். அத்தாளை மீறித் தம் மனத்திலுள்ள காராக அதனை மாற்றியமைப்பவர் சிலர். அந்தச் சிலரைப் பற்றியதே இவ்வுரை.

குன்னூரில் ஒருவர் தம் மேசைமேல் இத்தகைய பெட்டி ஒன்றைத் திறக்கிறார் என்று கொள்க. பெட்டிக்குள் இருப்பது ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. 32இல் ஒரு பங்கு அளவுடையது. முடிந்தபின் அதன் நீளம் 12 சென்டிமீட்டர். மேலட்டையில் இருப்பது இரண்டு கதவுகள் கொண்ட ஆங்கிலேயக் கார். ஆனால் அவர் இளமையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறக் கண்ட ஹெரால்டுக்கு நான்கு கதவுகள். பெட்டி பொய் சொல்லவில்லை. அவர் நினைவும் பொய்யில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தில் 1959இல் ஹெரால்டு வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவானி மிகெலோட்டி. அக்காலத்தில் பிற நிறுவனங்கள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றேயான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் நிறுவனத்துக்கு அது கைகூடவில்லை. அதற்கு உடற்பகுதி செய்து கொடுத்த தொழிற்சாலையை 1953இல் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. எனவே பட்டறைகளில் சேசிஸ் என்று வழங்கும் தனி அடிச்சட்டத்தைச் செய்து, உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் உருவாக்கி, அதன்மேல் போல்ட்டு கொண்டு முடுக்கினர். வேறு வழியின்றிச் செய்த இந்த ஏற்பாடே காரின் பெருஞ்சிறப்பாக அமைந்தது. கூரையைக் கழற்றித் திறந்த வண்டி செய்தனர். 1962இல் அச்சட்டத்தையே குறுக்கி ஸ்பிட்ஃபயர் என்னும் இரு இருக்கை வண்டி செய்தனர். துண்டுகளாகப் பெட்டியில் அடுக்கிக் கடல்கடந்து அனுப்பவும் அது எளிதாயிற்று.

அப்பெட்டிகள் வந்திறங்கிய இடங்களுள் ஒன்று சென்னை. உறுப்புகளாக வரும் காரை இணைத்து ஓட்டுவது சென்னைக்குப் பழகிய தொழில். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை இவ்வாறே இணைத்தது. அதே ஆண்டில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் முதலில் வேன்கார்டையும், 1961 முதல் ஹெரால்டையும் உருவாக்கியது. ஆண்டுதோறும் உள்நாட்டு உறுப்புகள் பெருகின. 1960களின் பிற்பகுதியில், இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் பிறந்தது. குடும்பமாகப் பயணம் செய்யும் நாட்டில், முன்னிருக்கையை மடக்கிப் பின்னிருக்கைக்குப் புகுவது முதியோருக்கும் புடவை உடுத்தியவர்க்கும் இயலுமோ? இந்நாட்டு வாழ்க்கைக்கு இரண்டு கதவுகள் போதவில்லை. பிறந்த நாட்டில் 1963இல் மறைந்துபோன ‘ஸ்டாண்டர்டு’ என்னும் கார்ப் பெயர், சென்னையில் 1980களின் இறுதிவரை உயிரோடிருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நான்கு கதவுகளை அமைக்கச் சென்னைப் பொறியாளர்க்கு இயன்றது எங்ஙனம்? சுமையைத் தாங்கியது அடிச்சட்டம். உடலின் பக்கத்தை அறுத்து இன்னொரு கதவு வைத்தாலும் கார் நிலைகுலையாது. எது தாங்குகிறது, எது போர்த்தியிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மாற்றும் உரிமை அவ்வறிவிலிருந்தே பிறந்தது.

நீலகிரிப் பாதையும் அக்காரைத் தன் பங்குக்குச் சோதித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் திரும்பிவிடும் ஹெரால்டுக்கு அவ்வளவு குறுகிய வளைவுகள் விளையாட்டாயின. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் உதகையில் காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. 948 சி.சி. இயந்திரம் அங்கே தன் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து மூச்சிரைக்கும். வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உட்புறம் மடங்க முனையும் ஊசல் அச்சு அதன் இன்னொரு குறை. உரிமையாளர்க்கும் மெக்கானிக்குகளுக்கும் அவ்வச்சு உவப்பாயில்லை. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் நிறுவனம் அதனை நீக்கி, உறுதியான ஒரே அச்சினை வைத்தது. இந்நாட்டுப் பாதை, வந்த வடிவத்தைத் தனக்கேற்பத் திருத்திக்கொண்டது.

இனி, குன்னூர் மேசைக்குத் திரும்புவோம். சிற்றுருவில் நான்கு கதவு வைப்பது எளிதெனத் தோன்றும். நீண்ட கதவின் பின்விளிம்பைக் காட்டும் கோட்டினைப் பட்டி பார்த்து நிரப்ப வேண்டும். உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். நடுத்தூணை முன்னே நகர்த்திப் புதிய கோடுகளைக் கீற வேண்டும். இங்கேதான் கை நடுங்கும். அசல் காரில் கதவிடுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் சிற்றுருவில் அது 0.16 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறிவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது 16 மில்லிமீட்டர் பிளவு. கதவு தொங்கும் கார் அது. மிகச்சிறிய வடிவத்தில் பிழை தன் அளவைப்போல் 32 மடங்கு பெருகுகிறது. குறளும் துளிப்பாவும் எழுதுவோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குன்னூரின் வானிலையும் இடையில் புகும். ஈருவமழையும் பெறும் ஊர் அது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது லாக்கர் வண்ணம் அடித்தால், உலரும் பரப்பின்மேல் நீராவி படிந்து வெண்மை பூத்துவிடும். பொறுமையுள்ளவர் வெயில் நாளுக்குக் காத்திருப்பர். அல்லது விளக்கெரியும் மூடிய பெட்டிக்குள் வைத்து உலர்த்துவர். வீசியெறியும் பிளாஸ்டிக்கை இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விலக்க முனைந்த மாவட்டம் நீலகிரி. இம்மேசையிலும் எறிவதற்கு அதிகமில்லை. உறுப்புகளைப் பிணைத்திருந்த வெற்றுச் சட்டத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழுத்தால் மயிரிழைபோல் நீளும். புதிய கதவுகளுக்கான கைப்பிடிகள் அதிலிருந்தே கிடைக்கும்.

இன்னோர் ஆசையும் அவரை ஈர்க்கும். கூரையை அறுத்தெறிந்து, அழகிய திறந்த வண்டியாக்கிவிடலாமே என்பது அது. அசல் ஹெரால்டில் போல்ட்டைக் கழற்றினால் கூரை வந்துவிடும். கீழே சட்டம் தாங்கும். சிற்றுருவிலோ உடல் முழுவதும் ஒரே வார்ப்பு. அங்கே தோலே எலும்பு. கூரையை அறுத்தவுடன் கண்ணாடித் தூண்கள் ஆடும், பக்கங்கள் உள்வாங்கும். அறுப்பதற்கு முன்பே உள்ளிருந்து பிளாஸ்டிக் தகடு கொண்டு முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே காரின் அசலும் நகலும் வெவ்வேறு இடங்களில் சுமை தாங்குகின்றன.

கவிஞர் பெருமக்கள் கருதவேண்டிய இடம் இதுவே. வெண்பாவுக்குத் தளை என்னும் அடிச்சட்டம் உண்டு. ஒரு சீரை எடுத்துவிட்டுத் தளை கெடாத வேறொரு சீரை வைத்தால், நயம் குறையினும் வெண்பா வெண்பாவாகவே நிற்கும். புதுக்கவிதைக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. அங்கே ஒவ்வொரு சொல்லும் உடலாகவும் எலும்பாகவும் இருக்கிறது. யாப்பு இல்லை என்பதால் எங்கு வேண்டுமாயினும் வெட்டலாம் என்று எண்ணுவோர், வார்ப்புக் கூரையை முட்டுக் கொடாமல் அறுப்பவர் ஆவர். கட்டுப்பாடு குறைந்த வடிவமே திருத்துவதற்குக் கடினமானது.

கடல்கடந்து வந்த வடிவங்களுக்கும் இது பொருந்தும். ஜப்பானிய ஹைக்கூவைப் பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். பின்னாளில் அதனைக் கையாண்ட தமிழ்க்கவிஞர் பலர் ஐந்து, ஏழு, ஐந்து என்னும் அசைக்கணக்கை விட்டனர்; நேரும் நிரையுமாக அசைபிரிக்கும் மொழிக்கு அக்கணக்கு ஒட்டவில்லை. மூன்றடியையும், இரு காட்சிகள் அருகருகே நின்று பேசும் முறையையும் காத்தனர். அதாவது சட்டத்தை வைத்துக்கொண்டு கதவை மாற்றினர். சட்டத்தை விட்டுவிட்டு மூன்று வரியாக மடக்கி எழுதப்பட்டவை எத்தனை என்பதையும் அவையோர் அறிவர்.

ஒரு கடமையும் எஞ்சுகிறது. வழிகாட்டித் தாளின்படி கட்டுபவரின் பிழைக்குத் தாள் பொறுப்பேற்கும். மாற்றிக் கட்டுபவருக்கு அப்புகலிடம் இல்லை. சென்னையில் ஹெரால்டு செய்வது 1971இல் நின்றது. நிறுவனமும் பின்னர் மூடப்பட்டது. எஞ்சிய கார்கள் குறைந்துவருகின்றன. நாளை ஒரு சிறுமி அலமாரியில் இச்சிற்றுருவைக் கண்டு, மலையேறிய கார் இப்படித்தான் இருந்தது என்று நம்புவாள். எனவே நினைவை மட்டும் நம்பிக் கீறக்கூடாது. குடும்ப ஆல்பத்தில் காரின்மேல் சாய்ந்து நிற்கும் ஒளிப்படத்தைத் தேட வேண்டும். பிழைத்திருக்கும் கார் ஒன்றைக் கண்டு நாடாவால் கதவை அளக்க வேண்டும். ஊர்ப்பற்றினால் உதகைக்குரிய டி.என். 43 என்னும் எண்பலகையை வைத்துவிட்டால், 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த எழுத்துகள் 1960களின் காரில் ஏறிவிடும். அன்பு மெய்யானது, ஆவணம் பொய்யாகிவிடும். பிழைபட்ட நான்கு கதவுகளைவிடப் பெட்டியில் வந்த இரண்டு கதவுகளே நேர்மையானவை.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் கவிதைகள் படிக்கப்பெறுகின்றன, திருத்தப்பெறுகின்றன. எங்கிருந்தோ வந்த வடிவத்துக்கு இம்மண்ணின் கதவு ஒன்றை வைக்க முனைவோர் ஒவ்வொருவரும் அச்சென்னைப் பொறியாளரின் உறவினரே. அறுக்கும் முன் அளந்து பார்ப்பவரின் தேர், கையால் இழுக்கும் அளவே சிறிதாயினும், ஒரு காலத்தைச் சுமந்து மலையேறும்.