கார்த்திகையில் வெட்டினால் கோடையில் மல்லி
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் நாளுக்கு 10 ரூபாய்க்குப் பூ வாங்கினால் மாதம் 300 ரூபாய், வருடத்துக்கு 3,650 ரூபாய் ஆகிறது. பல குழுக்களில் ஒரு உறுப்பினர் ஒரு வருடம் கட்டுகிற சேமிப்பை விட இது அதிகம். வாசலில் நாலு குண்டுமல்லிச் செடி இருந்தால், கோடை மாதங்களிலாவது இந்தச் செலவு மிச்சம்.

"எங்க வீட்டிலும் மல்லி இருக்குதுங்க, பூக்கத்தான் மாட்டேங்குது" என்று பல அக்காமார் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, புதர் மாதிரி இருக்கிறது. வெட்ட மனசு வரவில்லை. மல்லி புதுக் கிளையில்தான் பூக்கும். பழைய கிளையை வெட்டாமல் புதுக் கிளை நிறைய வராது.

அதனால் கார்த்திகை மாதம், அதாவது நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். வெட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வெட்டிய பின் செடியைச் சுற்றி லேசாகக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் போட்டு, பிறகு தண்ணீர் விடலாம். மாசி, பங்குனியில் மொட்டு வர ஆரம்பித்து, ஆனி வரை பூக்கும்.

புதிதாக வைப்பவர்கள் ஜூன் முதல் நவம்பருக்குள் வைக்கலாம். வெயில் நன்றாக விழும் இடமாகப் பாருங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி குழி, செடிக்குச் செடி நாலு அடி இடைவெளி. வேர் விட்ட பதியன் செடி போதும். பொடக்காலித் தண்ணி தேங்குகிற இடத்தில் வைக்காதீர்கள், வேர் அழுகிவிடும்.

இலை மஞ்சளானால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து தெளிக்கலாம். மொட்டில் ஓட்டை விழுந்தால் அது மொட்டுப் புழு. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து வடிகட்டி, துளி காதி சோப்பு சேர்த்துத் தெளியுங்கள். விடியற்காலையில், விரியாத மொட்டாகப் பறிக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கம் மல்லி சாகுபடியைப் பார்த்துவிட்டு, "நாங்களும் கடன் வாங்கி மல்லி போடலாமா?" என்று கேட்கிறார்கள். பனிக் காலத்தில் வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும், உண்மைதான். ஆனால் கோடையில் எல்லாத் தோட்டமும் சேர்ந்து பூக்கும்போது விலை இறங்கி, மிச்சப் பூ செண்டு தொழிற்சாலைக்குப் போகிறது. நம் நாலு செடியும் அதே கோடையில்தான் பூக்கும். ஆகவே இதை நம்பிக் கடன் வேண்டாம். வீட்டுக்குப் போக மிஞ்சினால் கட்டி அக்கம்பக்கத்தில் முழம் போட்டுக் கொடுங்கள். அந்தக் காசு சந்தாவுக்கு ஆகும்.

கடைசியாக ஒரு விஷயம். நம் குழுக்களில் கணவரை இழந்த சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். செடிக்குத் தண்ணி ஊத்தறதும் அவர்கள்தான், விடியக்காலம் பறித்துக் கட்டுவதும் அவர்கள்தான். தலையில் வைக்க மட்டும் ஆகாது என்றால் அது என்ன நியாயம்? கல்யாணத்துக்கு முன்னாடி, சின்னப் பிள்ளையிலிருந்தே வைத்த பூ அது. தாலியோடு வந்ததல்ல. வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் குழுக் கூட்டத்தில் பூ கொடுக்கும்போது, யாரையும் தாண்டிப் போகாமல் எல்லோர் கையிலும் கொடுப்போம்.

இந்தக் கார்த்திகையில் கத்தரியை எடுங்கள். பங்குனிக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு முழம் கொண்டு வாருங்கள்.