மளிகைக் கடனும் மாதக் கணக்கும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்தபின் மளிகைச் சாமான்களைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் புன்னகைப்பதைக் காண்கிறோம். பள்ளிவாசலின் கணக்கைப் பைசா பிசகாமல் கேட்டு வாங்குகிற நாம், நம் வீட்டுக் கணக்கை நம்மிடமே கேட்பதில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

வட்டி என்றவுடன் நமக்குத் திருமணச் செலவும் மருத்துவச் செலவும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பல வீடுகளில் வட்டி பருப்பு டப்பாவின் வழியாகவே உள்ளே நுழைகிறது. இருபதாம் தேதியோடு கைக்காசு தீர்கிறது. கடையில் பற்று எழுதுகிறோம். அடுத்த மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அந்தப் பற்றுக்கே போய்விடுகிறது. எஞ்சியது பத்தாம் தேதியைக்கூடத் தாண்டுவதில்லை. பிறகு வாரத் தவணைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரமலானுக்கு முந்தைய வாரத்தில் இந்தச் சுமை உச்சத்தை எட்டுகிறது. வட்டி ஹராம் என்பதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. அறிந்துகொண்டே அதில் விழுகிறோம் என்பதுதான் வேதனை.

பற்று நோட்டுக்கு வட்டி இல்லையே என்று கேட்கலாம். எழுதப்பட்ட வட்டி இல்லை. ஆனால் பாக்கி வைத்திருப்பவர் விலை கேட்கத் தயங்குவார். எடையைப் பார்க்கக் கூசுவார். அடுத்த கடையில் மலிவாகக் கிடைத்தாலும் அங்கே போக இயலாது. நோட்டைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்பினால் பட்டியலில் இல்லாத மிட்டாயும் பிஸ்கட்டும் சேர்ந்தே வரும். மளிகைக் கடை நடத்தும் சகோதரர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோக வேண்டியதில்லை. நிலுவையில் முடங்கிக் கிடப்பது அவர்களுடைய முதலும்தான். ரொக்கம் வந்தால் அவர்களும் விருதுநகர் மொத்த வியாபாரியிடம் ரொக்கமாகவே வாங்கலாம்.

இது நம் ஊர்களுக்கு மட்டும் உரிய துன்பமன்று. இங்கிலாந்தின் ராச்டேல் என்னும் ஆலை நகரத்தில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு கடையைத் திறந்தார்கள். மாவு, சர்க்கரை, வெண்ணெய், ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவைதாம் அவர்கள் வைத்த சரக்கு. கலப்படம் கூடாது, எடை குறையக் கூடாது, கடன் கிடையாது என்பவை அவர்களுடைய விதிகள். இலாபத்தை வாங்கிய அளவுக்கேற்ப வாங்கியவர்களுக்கே பகிர்ந்தளித்தார்கள். அந்த முன்மாதிரியைப் பின்பற்றியே 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்லிலிருந்து இன்றுவரை நூற்பாலைச் சம்பளத்தையே நம்பி வாழும் ஊரில் இருக்கிற நமக்கு, அந்த 28 பேர் அந்நியர்கள் அல்லர்.

சரி, நோட்டிலிருந்து வெளியே வருவது எப்படி? ஒரே மாதத்தில் முடியாது. பழைய பாக்கியை அப்படியே நிறுத்தி, அதை மூன்று அல்லது நான்கு தவணைகளில் தீர்ப்பதாகக் கடைக்காரரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். அன்று முதல் புதிய சரக்கு எதுவாயினும் கையில் காசு இருந்தால்தான். முதல் மாதம் கடுமையாகவே இருக்கும். அந்த மாதத்திற்குத் துணை, நம் அடுக்களையிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியைக் காலி செய்து துடைத்தபோது பிரிக்கப்படாத சீரகப் பொட்டலங்கள் மூன்றும், வண்டு விழுந்த பாசிப்பருப்பும், பாதி தீர்ந்த சேமியாப் பைகளும் கிடைத்தன. இருப்பதைப் பார்க்காமல் எழுதிய பட்டியலுக்கு நாம் கொடுத்த விலை அது.

அடுத்து, அளவு. பொட்டலங்களின் அளவுகளைக் கட்டுப்படுத்திய அட்டவணை 2021ஆம் ஆண்டின் விதித்திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஒரு கிலோ போலத் தோன்றும் பை 900 கிராமாகவும் இருக்கலாம். 900 கிராம் 117 ரூபாய், ஒரு கிலோ 125 ரூபாய் என்று இரண்டு பைகள் இருந்தால் கை முதல் பைக்கே போகும். கிலோ கணக்கில் அதன் விலை 130 ரூபாய். அதே திருத்தத்தின்படி, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பையில் அச்சிட வேண்டும். பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். எண்ணெயில் இன்னொரு மயக்கம் உண்டு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான். லிட்டர் 150 ரூபாய் என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 165 ஆகிறது. எடைக்கு விற்பவர் கிலோ 160 என்று சொன்னால் அவரே மலிவு.

அளவில் மோசடி செய்வோரை எச்சரிக்கும் அத்தியாயமே, அல்முதஃப்பிஃபீன் என்னும் பெயரில், திருமறையில் இருக்கிறது. விற்பவருக்கு அந்த எச்சரிக்கை. வாங்குபவருக்குக் கண் இருக்கிறது. பொருளை வைக்குமுன் தராசு பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்பதில் வெட்கம் என்ன?

பருவத்தை அறிந்து வாங்குவது நம் பாட்டிமார்களுக்குக் கைவந்த கலை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து, பானையில் அடக்கி வைத்தார்கள். மிளகாயையும் மல்லியையும் அறுவடைக் காலத்திலேயே வாங்கிக் காயவைத்துத் திரித்தார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்து, நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்க நேர்ந்ததே, நினைவிருக்கும். அந்த நாட்களில் பானையில் புளி வைத்திருந்த வீடு அதிகம் கலங்கவில்லை. காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. அன்றைய விலை பலகையிலேயே எழுதப்பட்டிருக்கும். சுப்ஹு தொழுகை முடிந்து திரும்பும் ஆண்கள் கையில் ஒரு பையோடு அந்தப் பக்கம் போனால் குறைந்து போய்விடமாட்டார்கள். ஆனால் பத்து ரூபாய் இலாபத்திற்காக இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அரை நாளைத் தொலைப்பதைச் சிக்கனம் என்று சொல்ல மாட்டோம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான்; நேரத்திற்கு விலை உண்டே.

நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ பருப்பும், 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கின்றன. கௌரவத்திற்காக அவற்றை வாங்காமல் விட்டு, வெளியில் நூறு ரூபாய்க்கு மேல் பற்று எழுதி வாங்குவோரும் நம்மிடையே உண்டு. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை.

ரமலான் பட்டியலை ரஜபிலேயே எழுதிவிட வேண்டுகிறோம். ரஜபில் அரிசி, ஷஃபானில் பருப்பும் எண்ணெயும் என்று பிரித்து வாங்கினால் எந்த ஒரு மாதச் சம்பளமும் முறியாது. பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. வீட்டிலும் ஒரு பானை காய்ச்சி இரண்டையும் வீணாக்க வேண்டியதில்லை.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து மூட்டையாக வாங்கலாமா என்று சகோதரிகள் சிலர் கேட்டார்கள். தாராளமாக வாங்கலாம். 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்த பிறகுதான் 26 கிலோ மூட்டைகள் பரவின. பங்கிட்டுக்கொள்ள அது ஏற்ற அளவே. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொருவரும் தம் பங்குப் பணத்தை மூட்டை வாங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பிறகு தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வாங்கிவந்த சகோதரியின் வீட்டில் அன்றே இன்னொரு பற்று நோட்டு திறக்கப்பட்டுவிடும்.