ஆளற்ற ஊரும் எழுதிய சுவரும்



விழா நாளில் பாழ்பட்ட ஊரைப் பற்றியா பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். பாழ் நமக்குப் பழைய பாடுபொருள். அகநானூற்றின் 167ஆம் பாட்டில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஊரைக் காட்டுகிறார். ஆறலைப்போர்க்கு அஞ்சி மக்கள் அகன்றுவிட்டனர். யானை முதுகு உரிஞ்சியதில் செங்கற்சுவரின் விட்டம் வீழ்ந்துவிட்டது, மாடப்புறாவும் போயிற்று. சுவரில் எழுதப்பெற்றிருந்த கடவுளும் அவ்விடத்தை நீங்கிவிட்டது. ஊரார் போனபின் ஓவியத்திற்கு அங்கே என்ன வேலை?

இதற்கு நேர்மாறானது பெல்ஜியத்தின் டூல் என்னும் சிற்றூர். ஸ்கெல்டு ஆற்றங்கரையில், 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கக் கட்டம்போல் தெருக்கள் வகுக்கப்பெற்ற ஊர் அது. ஆற்றின் கரைமேல் பழைய காற்றாலை. அருகே அணுமின் நிலையம். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தை விரிவாக்கும் பொருட்டு ஊரையே அகற்றும் திட்டங்கள் பல பத்தாண்டுகள் வருவதும் போவதுமாயிருந்தன. ஆயிரத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்த இடத்தில் இருபது முப்பது பேரே எஞ்சினர். வெற்று வீடுகளின் சன்னல்கள் பலகையடித்து மூடப்பட்டன. பிறகு ஓவியர்கள் வந்தனர். ரோவா என்னும் புனைபெயர் கொண்ட கென்ட் நகரத்து ஓவியர், விலங்கு பறவைகளைக் கறுப்பு வெள்ளையில் வீட்டுச் சுவரளவுக்குத் தீட்டினார். படங்களில்தான் பார்த்திருக்கிறேன், தேர்ந்த கை என்பதில் ஐயமில்லை.

கலை காக்கும் என்று நம்பி ஓவியர்களை வரவேற்ற ஊர்ப்பற்றாளரும் உண்டு. ஆனால் ஓவியம் காண வந்தோரோடு கண்ணாடி உடைப்போரும் களவாடுவோரும் பெயர் கிறுக்குவோரும் வந்தனர். எஞ்சியவர்களோ தம் வீட்டு முகப்பில் ‘இங்கே ஆள் குடியிருக்கிறோம்’ என்று எழுதிவைக்க நேர்ந்தது. அவ்வூரில் என் நெஞ்சை அறுத்த எழுத்து அதுதான். ஊர் நிலைத்திருக்கலாம் என்னும் உடன்பாடு 2022இல்தான் ஏற்பட்டது. அது சுவரோவியத்தின் வெற்றியன்று; பிடிவாதமாக அடுப்பெரித்துக்கொண்டிருந்தவர்களின் வெற்றி என்றே கருதுகிறேன்.

இதை நான் பிறரைக் குறைகூறச் சொல்லவில்லை. பூட்டிக்கிடக்கும் என் தாய்வழிப் பாட்டியின் வீட்டைப் பற்றி இம்மேடையில் ஒரு கவிதை படித்தேன். கைதட்டினீர்கள். மகிழ்ச்சியில் அதைப் படியெடுத்து ஊரிலிருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். அடுத்த முறை கண்டபோது அவர் சொன்னார்: “பூட்டின வீடுன்னு கட்சிக்காரன் திண்ணைச் சுவத்துல எழுதிட்டுப் போனான். நீ தாள்ல எழுதிட்டே. மழை வருமுன்னே ஓடு மாத்த யாரும்மா வர்றது?”

விடை சொல்ல இயலவில்லை. விழா மலருக்கென அக்கவிதையைத் தந்திருந்தேன், திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஓடு மாற்றுவோரை மாமா அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார். விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டேன்.