சுவரில் தொங்குவது ரவிவர்மாவா?

திருகோணமலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மம்மா காலத்து லட்சுமி படம் சுவரில் தொங்குகிறது. மூலையில் ரவிவர்மா என்று பெயர். விலை மதிப்பற்ற எண்ணெய் ஓவியமோ என்று மனம் துள்ளும்.

பொறுங்கள். ஓவியர் ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். எண்ணெய் ஓவியம் போலவே தெரியும் அச்சுப்படங்கள் அங்கிருந்து ஏராளமாக வெளிவந்தன. பெயர் இருந்தால் மட்டும் போதாது.

படத்தைக் கிட்ட நின்று பாருங்கள். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள். தோசைக்கல்லில் மாவு தடவிய வரிகள் தெரியுமே, அப்படித் தூரிகைத் தடம் மேடு பள்ளமாகத் தெரிந்தால் கையால் தீட்டியதாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால், அது அச்சு. ஆம், புள்ளி தெரிந்தால் அச்சு.

அச்சென்றால் எறிந்துவிடாதீர்கள்! பழைய ரவிவர்மா அச்சுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எத்தனை விளக்குக்கு முன்னால் அது நின்றிருக்கும்! எனக்கு அதுவே பெரிய மதிப்பு.

கையால் தீட்டியது போலத் தோன்றினால், விற்பதற்கு முன் ஓவியம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பின்பக்கத்துச் சீட்டு, முத்திரை எதையும் கிழிக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். படத்தைக் கெடுக்க நமது கடற்காற்றின் ஈரமே போதும். அதனால் ஈரம் ஊறும் சுவரிலிருந்து இன்றைக்கே கழற்றி, உலர்ந்த உட்சுவரில் மாட்டிவிடுங்கள்.